திண்ணையும் கம்பிக் கதவும்

பழைய காலத்து வீடுகளில் தெருப் பக்கம் திண்ணை இருக்கும். வழிப்போக்கர் யாரானாலும் அதில் உட்காரலாம். மூட்டையை இறக்கி வைக்கலாம். இரவு படுத்திருந்து விடிந்ததும் எழுந்து போகலாம். யார், எந்த ஊர் என்று வீட்டுக்காரர் விசாரிப்பது உபசாரத்துக்காகத்தான். இன்று அந்தத் திண்ணைகளில் பல இடிபட்டுப் போயின. மிச்சம் இருப்பவற்றுக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ஜனங்களின் மனசு சுருங்கிவிட்டது என்று குறை சொல்வது சுலபம். ஆனால் திண்ணையில் படுத்தவன் விடியற்காலையில் வீட்டுச் செம்பைத் தூக்கிக்கொண்டு போன கதையையும் கேட்டால்தானே நியாயம் விளங்கும்?

மின்னஞ்சலுக்கும் இப்படி ஒரு திண்ணைக் காலம் இருந்தது. பிறகு கம்பிக் கதவுக் காலம் வந்தது. அந்தச் சரித்திரத்தில் எனக்கு அக்கறை ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. என் கடிதப் போக்குவரத்தைப் பெரிய கம்பெனி எதனிடமும் ஒப்படைக்காமல், மாத வாடகைக்கு எடுத்த ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வைத்து நடத்தி வருகிறேன். சர்வர் என்றதும் ஹோட்டலில் தோசை கொண்டு வந்து வைப்பவர் ஞாபகம் வந்தால் பாதகமில்லை. இதுவும் அதே உத்தியோகம்தான். வருவதை வாங்கி, உரியவர் முன் கொண்டு போய் வைக்க வேண்டும். எழுத்தாளனுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல, கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும்.

1971-ம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ரே டாம்லின்ஸன் என்ற இஞ்ஜினீயர், அருகருகே நின்ற இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அர்ப்பாநெட் என்ற வலையின் வழியாகச் செய்தி அனுப்பினார். ஆளின் பெயரையும் யந்திரத்தின் பெயரையும் பிரித்துக் காட்ட ஒரு குறி தேவைப்பட்டது. விசைப் பலகையில் அதிகம் பயன்படாமல் கிடந்த ‘அட்’ குறியை எடுத்து நடுவில் போட்டார். இன்று உலகம் முழுவதும் அந்தக் குறி இல்லாமல் விலாசம் கிடையாது. அந்த முதல் செய்தியில் என்ன எழுதியிருந்தது? மறந்து போயிற்று என்று அவரே சொல்லிவிட்டார். சரித்திரத்தைப் படைக்கிறவர்களுக்கு அது சரித்திரம் என்று அப்போது தெரிவதில்லை போலும்!

அந்த வலையில் இருந்தவர்கள் சர்வகலாசாலைகளையும் ஆராய்ச்சிக் கூடங்களையும் சேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் அறிந்த கிராமம் மாதிரிதான். அந்தக் கிராமத்துக்கு ஏற்ற சட்டத்தை 1982-ல் ஜான் போஸ்டல் என்பவர் எழுதினார். எஸ்.எம்.டி.பி. என்று அதற்குப் பெயர். இரண்டு யந்திரங்கள் கடிதம் பரிமாறும்போது என்ன பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம். வந்த யந்திரம் ‘ஹலோ’ என்று சொல்லித் தன் பெயரைக் கூறும். யாரிடமிருந்து கடிதம், யாருக்குக் கடிதம் என்று தெரிவிக்கும். பிறகு கடிதத்தை நீட்டிவிட்டு விடைபெறும். வந்தவர் சொன்ன பெயர் உண்மைதானா என்று சோதிக்க அதில் வழியே இல்லை. கவரின் மேல் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? அதே மாதிரிதான். கொடுக்கும்போது ஒழுங்காகக் கொடு, வாங்கும்போது தாராளமாக வாங்கிக்கொள் என்பது போஸ்டல் வகுத்த பொதுவான கொள்கை.

அந்தத் தாராளம் இன்னொரு விதத்திலும் தெரிந்தது. பெர்க்லி சர்வகலாசாலையில் எரிக் ஆல்மன் எழுதிய ‘ஸெண்ட்மெயில்’ என்ற புரோகிராம்தான் அக்காலத்தில் பல இடங்களில் தபால் வேலை பார்த்தது. முன்பின் தெரியாத யந்திரம் வந்து, சம்பந்தமே இல்லாத யாருக்கோ கடிதம் கொடுத்தாலும், அது வாங்கிக் கொண்டு போய்ச் சேர்க்கும். ஊருக்குப் போகிறவர் கையில் பக்கத்து ஊர்க்காரர் கடிதம் கொடுத்து விடுவது போன்ற பரோபகாரம்! நான் திண்ணை என்று சொன்னது இதைத்தான்.

செம்பு திருட்டுக்கு முன்னறிகுறி முன்பே தெரிந்திருந்தது. 1978-ம் வருஷம் மே மாதம், டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனியைச் சேர்ந்த கேரி துவெர்க் என்பவர், தங்கள் புதுக் கம்ப்யூட்டர்களைப் பார்க்க வாருங்கள் என்று அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். விலாசங்கள் மிதமிஞ்சிப் போய், மீதி விலாசங்கள் கடிதத்துக்கு உள்ளேயே வழிந்துவிட்டன. வலையை நிர்வகித்தவர்கள் கண்டித்தார்கள். ஆனால் அதனால் வியாபாரம் நன்றாக நடந்தது என்று துவெர்க் பிற்காலத்தில் சந்தோஷமாகவே சொல்லிக்கொண்டார். கண்டனத்தைவிட அந்த வியாபாரச் செய்திதான் பிறர் காதில் விழுந்தது என்று தோன்றுகிறது.

இத்தகைய கடிதத்துக்கு ‘ஸ்பாம்’ என்று பெயர் வந்த விதம் வேடிக்கையானது. அது 1937-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டப்பா மாமிசத்தின் பெயர். 1970-ல் ‘மாண்டி பைத்தான்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவினர், எதைக் கேட்டாலும் ஸ்பாம் கலந்தே வருகிற ஒரு சிற்றுண்டிச் சாலையை டெலிவிஷனில் நடித்துக் காட்டினார்கள். மற்றப் பேச்சு எதுவும் காதில் விழாதபடி ஸ்பாம், ஸ்பாம் என்ற பாட்டு அமுக்கிவிடும். வேண்டாத கடிதங்கள் வேண்டிய கடிதங்களை அமுக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? 1994 ஏப்ரலில் அரிஸோனாவைச் சேர்ந்த இரண்டு வக்கீல்கள், அமெரிக்கக் குடியேற்ற லாட்டரி பற்றிய விளம்பரத்தை யூஸ்நெட் என்ற பொது விவாத வலையின் ஆயிரக் கணக்கான பிரிவுகளில் போட்டார்கள். அதற்குப் பிறகு வெள்ளம்தான்.

காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. நோட்டீஸ் அச்சடித்துத் தபாலில் அனுப்பினால் செலவு அனுப்புகிறவருடையது. மின்னஞ்சலில் பத்தும் பத்து லட்சமும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றே. செலவெல்லாம் வாங்குகிறவர் தலையில் விழுகிறது. லட்சம் பேரில் ஒருவர் ஏமாந்தாலும் லாபம் என்றால், மீதிப் பேரைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

எதிர்ப்பும் கிளம்பிற்று. 1997-ல் பால் விக்ஸி என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு கறுப்புப் பட்டியல் ஏற்படுத்தினார்கள். குப்பைக் கடிதம் அனுப்புகிற, அல்லது அதற்கு இடம் கொடுக்கிற யந்திரங்களின் எண்கள் அதில் இருக்கும். கடிதம் வந்ததும் சர்வர் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும். எண் அதில் இருந்தால் கதவு திறக்காது. 1998-ல் வெளிவந்த ஸெண்ட்மெயில் பதிப்பு, அந்நியர் கடிதத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் பழக்கத்தைத் தானாகவே நிறுத்தி வைத்தது. திண்ணைக்கு முதல் கம்பி அன்றுதான் போட்டாயிற்று.

அதே 1997-ல் ஆடம் பேக் என்ற பிரிட்டிஷ்காரர் வேறு ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு கடிதத்துக்கும் அனுப்புகிற கம்ப்யூட்டர் ஒரு கஷ்டமான கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். அதுவே தபால் தலை. ஒரு கடிதம் அனுப்புகிறவருக்கு ஒரு நொடி நஷ்டம். பத்து லட்சம் அனுப்புகிறவருக்குப் பல நாள் நஷ்டம். யோசனை அருமையானது, ஆனால் தபாலில் அது பரவவில்லை. பதினோரு வருஷம் கழித்து 2008-ல் பிட்காயின் என்ற மின்பணத்தின் திட்டம் வெளியானபோது, அதற்கு இந்த யோசனை அஸ்திவாரங்களில் ஒன்றாக அமைந்தது. குப்பையை விரட்டச் செய்த துடைப்பம் கஜானாவுக்குள் போய்ச் சேர்ந்தது!

என் போன்றவர்களுக்கு உதவியது கட்டற்ற மென்பொருள். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்லாக இருப்பதால், 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்த இயக்கத்தைத் தொடங்கிய நாளிலிருந்து அதற்கு விளக்கம் சொல்லியே அவர்கள் அலுத்துப் போனார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. காசு கொடுப்பதா வேண்டாமா என்பது இங்கே இரண்டாம் பட்சம். புரோகிராமைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பதே முக்கியம். 1998-ல் வீட்ஸே வெனிமா என்ற டச்சுக்காரர் எழுதி வெளியிட்ட ‘போஸ்ட்ஃபிக்ஸ்’ அப்படிப்பட்டது. என் சர்வரில் வாசல் காப்பது அதுதான்.

2001-ல் ஜஸ்டின் மேஸன் என்ற ஐரிஷ்காரர் ‘ஸ்பாம்அஸாஸின்’ என்ற வடிகட்டியை வெளியிட்டார். வாத்தியார் பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல அது ஒவ்வொரு கடிதத்துக்கும் மார்க் போடும். ஆனால் இங்கே மார்க் கூடினால் ஆபத்து. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கிறதா? அதற்கு இத்தனை. நம்பத்தகாத இடத்திலிருந்து வருகிறதா? அதற்கு இத்தனை. சாதாரணமாக ஐந்து மார்க் சேர்ந்தால் கடிதம் குப்பை என்று தீர்ப்பாகும். பல தேசத்துத் தொண்டர்கள் இந்த விதிகளைச் சேர்த்தும் திருத்தியும் வந்தார்கள்.

2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் எழுதிய ஒரு கட்டுரை இதற்குப் புதுப் பலம் கொடுத்தது. தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதி, அவர் இறந்த பிறகு 1763-ல் வெளியான நிகழ்தகவுக் கணக்குதான் அதற்கு மூலதனம். கணக்கு என்றால் காத தூரம் ஓடுகிற எனக்கே அது புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குப்பை இது, நல்லது இது என்று நாமே சில நூறு கடிதங்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். எந்தச் சொல் எந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்று வடிகட்டி கற்றுக்கொள்ளும். என் சர்வரில் ‘அத்தியாயம்’, ‘புரூஃப்’, ‘பிரதி’ என்ற சொற்களுக்கு ராஜ மரியாதை. டாக்டர் ஒருவரின் வடிகட்டி வேறு சொற்களுக்கு மரியாதை செய்யும். ஒவ்வொருவர் வாசலிலும் வெவ்வேறு காவல்காரன் நிற்பதால், எல்லாரையும் ஒரே தந்திரத்தால் ஏமாற்றுவது கஷ்டம்.

அனுப்புகிறவர்கள் சும்மா இருப்பார்களா? வடிகட்டியைக் குழப்புவதற்காக, மருந்து விளம்பரத்தின் அடியில் பழைய நாவல்களின் வாக்கியங்களை வெட்டி ஒட்டினார்கள். நாவலாசிரியர்களுக்கு இப்படியும் ஒரு வாசகர் வட்டம்! 2003-ல் இவான் ஹாரிஸ் என்பவர் சொன்ன உபாயம் நம் வீடுகளில் எப்போதும் உள்ளது. புதிதாக வருகிறவரிடம், “இப்போது முடியாது, அப்புறம் வாருங்கள்” என்று சொல்லிவிடுவது. ஒழுங்கான சர்வர் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும். குப்பைக்காரருக்கு அவசரம், அநேகமாக வரமாட்டார்.

இன்னும் இரண்டு வருஷத்தில் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று 2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பில் கேட்ஸ் சொன்னார். தீரவில்லை. வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்களே, சொந்தக்காரருக்குத் தெரியாமல், குப்பையைக் கொட்டத் தொடங்கின. 2008 நவம்பரில் கலிபோர்னியாவில் மெக்கோலோ என்ற ஒரே ஒரு நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்ததும் உலகம் முழுவதும் ஸ்பாம் பாதிக்கு மேல் குறைந்தது. சில மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பியும்விட்டது.

பிறகு முத்திரைகள் வந்தன. என் பெயரில் கடிதம் அனுப்பும் உரிமை இந்த யந்திரத்துக்குத்தான் என்று அறிவிப்பது எஸ்.பி.எஃப்.; விதிகள் 2006-ல் வெளியாயின. கடிதத்தின் மேல் அரக்கு முத்திரை போல் ரகசியக் கையொப்பம் இடுவது டி.கே.ஐ.எம்.; அது 2007. இவை பொருந்தாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வைப்பது டிமார்க், அது 2015. போஸ்டல் கேட்காமல் விட்ட கேள்வியை இவை கேட்டன.

இதற்கிடையே பெரிய மாளிகைகள் எழுந்தன. 2004 ஏப்ரல் 1-ம் தேதி கூகிள் நிறுவனம் ஜிமெயிலைத் தொடங்கியது. கோடிக் கணக்கான பேருக்கு வரும் கடிதங்களை ஒரே இடத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குப்பையை அடையாளம் காண்பது எளிது. அதனால் சாதாரண ஜனங்களுக்கு நிம்மதி கிடைத்தது என்பதை மறுப்பது நன்றி கெட்டதனம். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. யாரும் அறியாத சிறு சர்வர் என்றாலே சந்தேகப் பார்வை. வைரஸ் பிடித்த யந்திரங்களுக்குப் பயந்து, வீட்டு இணைப்புகளில் கடிதம் வெளியே போகும் 25-ம் எண் வாசலைப் பல கம்பெனிகள் அடைத்தே வைக்கின்றன. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்பும் எல்லாரும் முதல் இரண்டு முத்திரைகளில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும்.

முத்திரைகள் மூன்றையும் நான் வைத்திருக்கிறேன். என் சர்வரிலிருந்து ஒரு விளம்பரம்கூட வெளியே போனதில்லை. இருந்தும், பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கு நான் அனுப்பிய அத்தியாயம் அவருடைய குப்பைப் பெட்டியில் ஒன்பது நாள் கிடந்தது. கதை தாமதம் என்று அவருக்கு என் மேல் மனத்தாங்கல். அவருடைய பெட்டியை நடத்துகிற நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, மாற்றம் எதுவும் செய்ய இயலாது என்று ஒரு யந்திரம் பதில் எழுதிற்று. என்ன குற்றம் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. சிபாரிசுக் கடிதம் இல்லாமல் வேலை கேட்கப் போனவனின் நிலைமைதான்.

நண்பர்கள் இதைத்தான் சுட்டிக் காட்டுகிறார்கள். இத்தனை அவஸ்தை எதற்கு, எல்லாரையும் போல் மாளிகையில் ஒரு அறை வாங்கிக்கொள்ளலாமே என்கிறார்கள். பெரும்பாலோருக்கு அதுவே சரியான யோசனை. வாராவாரம் மென்பொருளைப் புதுப்பிக்கவும், யார் வாசலைத் தட்டினார்கள் என்று பதிவேட்டைப் படிக்கவும் எல்லாருக்கும் நேரம் ஏது? ஆனால் மின்னஞ்சலின் பெருமையே அது எவருக்கும் சொந்தமில்லை என்பதில்தான் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பெயரும் இருந்தால், யாரிடமும் உத்தரவு வாங்காமல் உலகத்தில் எவருக்கும் எழுதலாம். நாலைந்து மாளிகைகளே எல்லார் கடிதங்களையும் வைத்திருந்தால், ஒரு நாள் அறைக் கதவு பூட்டப்படும்போது இருபது வருஷக் கடிதங்களோடு நாம் எங்கே போவது? திருடனைத் தடுக்கத்தான் கம்பிக் கதவு போட்டோம். அது அண்டை வீட்டுக்காரனையும் தெருவில் நிறுத்தி வைக்குமானால், சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

போஸ்டல் 1998-ல் காலமானார், டாம்லின்ஸன் 2016-ல். அவர்கள் ஏற்படுத்திய வழி இன்னும் திறந்திருக்கிறது. வெனிமாவும் மேஸனும் பெயர் தெரியாத தொண்டர்களும் எழுதிய புரோகிராம்கள் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கின்றன. அவை இருக்கிற வரையில், ஊரில் நாலு பேராவது தங்கள் கடிதப் பெட்டியின் சாவியைத் தங்கள் மடியிலேயே வைத்திருப்பது நல்லது. மாளிகையில் குடியிருக்கிறவர்களுக்கும் அதனால் லாபம் உண்டு. வெளியேற நினைக்கும்போது, போக ஒரு இடம் இருக்குமல்லவா?