பகுதிநேரக் குடியிருப்பு: திண்டுக்கல் சமவெளி

ஆண்டு முழுவதும் குடியிருக்காமல், விடுமுறைக்கோ விழாவுக்கோ வந்து தங்கும் வீடு பகுதிநேரக் குடியிருப்பு எனப்படும். திண்டுக்கல் சமவெளியில் இது இருவகை. திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன குடும்பத்தின் பூர்வீக வீடு முதல் வகை. ஊரில் சாமி கும்பிடு வந்தால்தான் அதன் பூட்டு திறக்கும். வெளியூர்க்காரர் சிறுமலை அடிவாரத்திலும் நத்தம் சாலையோரத்திலும் வாங்கிக் கட்டும் பண்ணை வீடு இரண்டாம் வகை. கம்பிவேலி, இரும்புக் கேட், போர்வெல், சொட்டுநீர்க் குழாய் போட்ட தென்னங்கன்றுகள், காவலுக்கு ஒரு குடும்பம் என்பது அதன் அமைப்பு. இரண்டும் ஊருக்குத் தரும் சுமை வேறு வேறு. ஆனால் நூறாண்டாக வளர்ந்த விதிகள் மனையையும் கட்டடத்தையும் அளந்தனவே தவிர, இந்தச் சுமையை அளக்கவில்லை.

1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம் நகரங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் கிராமங்களையும் திட்டமிடலுக்குள் கொண்டுவந்தது. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தையும் 1997ஆம் ஆண்டின் கட்டட விதிகளையும் தொடர்ந்து, சிறு வீடுகளுக்கு ஊராட்சியே அனுமதி தந்தது. மனைப்பிரிவுக்கு அந்த அனுமதி மட்டும் போதாது என்றபோதும் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் விளைநிலங்கள் மனைகளாக விற்கப்பட்டன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல் அத்தகைய மனைகளுக்கான வரன்முறைத் திட்டமும், 2019இல் மாநிலம் முழுமைக்குமான ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் வந்தன. 2024இல் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறை அறிமுகமானது. எந்தக் கட்டத்திலும் அந்த வீடு ஊரின் நீரையும் நிலத்தையும் என்ன செய்யும் என்ற கேள்வி மையத்துக்கு வரவில்லை. நிலத்தடி நீருக்கென 2003இல் இயற்றிய மாநிலச் சட்டமும் 2013இல் நீக்கப்பட்டது.

சுவிட்சர்லாந்து 2012ஆம் ஆண்டின் பொதுவாக்கெடுப்பில் செய்ததுபோல் இரண்டாம் வீடுகளுக்கு 20 விழுக்காடு வரம்பு வைக்கலாமே என்று கேட்கலாம். இங்கே அது முதலில் பாதிப்பது பிழைப்புக்குப் போனவரின் பூட்டிய வீட்டைத்தான். வசிப்பைச் சட்டத்தால் பிரித்தறிய முடியாது என்ற வாதமும் நிற்காது. வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் ஒரு தொகுதியில் வசிப்பவராகிவிட மாட்டார் என்றும், தற்காலிகமாக வெளியே சென்றவர் வசிப்பவர் என்ற நிலையை இழக்கமாட்டார் என்றும் 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே பிரித்துச் சொல்கிறது. பண்ணை வீடுகளால் உள்ளூரில் வேலை கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் காவலாளியின் சம்பளம், மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போவதையும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றுவதையும் ஈடுசெய்யாது. ஆகவே வருபவர் எத்தனை நாள் தங்குகிறார் என்று எண்ணுவது வீண். போர்வெல்லின் ஆழம், விளைநிலத்தை மனையாக்கும் அளவு, ஓடைப் புறம்போக்கு, பொதுப்பாதை ஆகியவற்றைக் கிராம சபையின் முன் வைத்து அனுமதி வழங்குவதே நியாயமான ஒழுங்குமுறை.