எல்லையோர நோயாளியும் மாநில அட்டையும்: சத்தியவேட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

சத்தியவேடு இன்று ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 வரை சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில். எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த பரிந்துரையை ஒட்டித் திருத்தணி தமிழகத்துக்கு வந்தபோது, இந்தப் பகுதி ஆந்திரத்துக்குப் போனது. ஆனால் உறவும் வியாபாரமும் வைத்தியமும் பழைய தடத்திலேயே தொடர்கின்றன. உள்ளூரில் காய்ச்சல் இறங்காவிட்டால் ஊத்துக்கோட்டைக்குப் போகிறார்கள். அங்கும் சரிப்படாவிட்டால் பெரியபாளையம் வழியாகச் சென்னைக்குப் பஸ் ஏறுகிறார்கள். அல்லது கவரைப்பேட்டைக்கு வந்து மின்சார ரயில் பிடிக்கிறார்கள். சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே பெரியாஸ்பத்திரி எனப்படும் அரசுப் பொது மருத்துவமனை. அவர்களுடைய சொந்த மாநிலத்துப் பெரிய மருத்துவமனைகளான ரூயாவும் ஸ்விம்ஸும் நாகலாபுரம், புத்தூர் தாண்டித் திருப்பதியில் இருக்கின்றன.

ஏழைகளின் மருத்துவச் செலவைத் தாங்க இரண்டு மாநிலங்களிடமும் நல்ல திட்டங்கள் உண்டு. அப்படியிருந்தும் இடையில் வாழ்பவர் ஏன் கைக்காசை எடுக்க நேர்கிறது? காப்பீட்டுத் தொகையைக் கூட்டிக்கொண்டே போவதால் இவருக்குக் கிடைப்பது குறைவு. இவர் போகிற வழியில் திட்டம் கூடவே போக வேண்டும், சில்லறைச் செலவிலும் கைகொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. அட்டை எதுவரை தாங்குகிறது

ஆந்திரத்தின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆரோக்கியஸ்ரீ, ராஜசேகர ரெட்டி ஆட்சியில் 2007இல் மூன்று பின்தங்கிய மாவட்டங்களில் தொடங்கியது. இதய அறுவைச் சிகிச்சைக்காகக் காணி நிலத்தை அடகு வைத்த காலத்தை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆட்சி மாறும்போதெல்லாம் பெயர் மாறியது. இன்று அது என்.டி.ஆர். வைத்திய சேவை. ஊர் வாயில் மட்டும் இன்னும் ‘ஆரோக்கியஸ்ரீ கார்டு’தான். 2023 டிசம்பரில் உச்சவரம்பு 25 லட்சம் ரூபாயாக உயர்ந்தது.

இருபத்தைந்து லட்சம் செலவாகும் நோய் எத்தனை வீட்டில் வரும்? வீட்டுக்கு வீடு இருப்பது சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் மூட்டுவலியும்தான். இவற்றுக்கு யாரும் படுக்கையில் சேர்வதில்லை. மாதாமாதம் மாத்திரை, மூன்று மாதத்துக்கொரு ரத்தப் பரிசோதனை, அவ்வப்போது ஒரு ஸ்கேன், போகவர பஸ் காசு, துணைக்கு வருபவர் இழக்கும் ஒருநாள் கூலி என்று பணம் கரைகிறது. உள்நோயாளிச் சிகிச்சையை மையமாகக் கொண்ட காப்பீடு இவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடுவதே இல்லை. இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுப்பது 2013-14இல் 64.2 விழுக்காடு, 2021-22இல் 39.4 விழுக்காடு. இறக்கம் பெரிது, மகிழ்ச்சிக்குரியது. மிச்சமிருப்பதில் பெரும்பங்கு மருந்துக்கும் புறநோயாளிச் சிகிச்சைக்கும் போகிறது.

ஒரு விதிவிலக்கைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆந்திரத்தில் 2019 டிசம்பரில் வந்த ஆரோக்கிய ஆசரா திட்டம், அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஓய்வெடுக்கும் ஏழைக்கு நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதம் 5,000 வரை என்று வகுத்தது. நோயாளி இழக்கும் கூலியும் மருத்துவச் செலவே என்று ஒரு மாநில அரசு ஒப்புக்கொண்டது சிறிய காரியமல்ல.

3. எல்லையில் என்ன நடக்கிறது

2019 நவம்பர் 1 முதல் ஹைதராபாத், பெங்களூரு, சென்னை நகரங்களின் தேர்ந்த மருத்துவமனைகளில் 716 சிகிச்சைகளுக்கு ஆரோக்கியஸ்ரீ அட்டை செல்லும் என ஆந்திர அரசு அறிவித்தது. திட்டம் மாநிலக் கோட்டைத் தாண்ட முடியும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் கதவு திறந்தது உயர்சிறப்பு மருத்துவமனைகளில், பெரிய சிகிச்சைகளுக்கு. சத்தியவேட்டுக்காரர் முதலில் போவது அங்கல்ல.

அவர் போகும் தமிழக அரசு மருத்துவமனையில் எந்த ஊர் என்று பார்த்து ஓ.பி. சீட்டை மறுப்பதில்லை. அந்தப் பெருந்தன்மை பழையது, போற்றத்தக்கது. சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் தமிழகக் குடும்ப அட்டைக்குரியது. காப்பீட்டுக் கணக்கில் செய்யவேண்டிய சிகிச்சை என்றால், “உங்க ஊரு கார்டு இங்க செல்லாதும்மா” என்ற பதில்தான். எடுத்த ஸ்கேன்களைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு குடும்பம் திருப்பதிக்குத் திரும்புகிறது. அங்கே திட்டத்தின் உதவியாளரான ஆரோக்கிய மித்ராவின் மேஜையில் பதிவு, முன் அனுமதி, மறுபடி பரிசோதனை. நாள் கடக்கிறது; புற்றுநோயில் அந்த நாள்களுக்கு விலை உண்டு.

நாடெங்கும் செல்லும் பிரதமரின் ஜன் ஆரோக்கியத் திட்டம் 2018இல் வந்தது. அதுவும் படுக்கையில் சேர்ந்தவருக்குத்தான். இதற்கிடையே 2025 அக்டோபரில் நிலுவைத் தொகை கேட்டு ஆந்திரத் தனியார் மருத்துவமனைகள் சேவையை நிறுத்தின. அரசு தாமதித்த பணத்துக்கு நோயாளி வாசலில் காத்திருப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

மொழியும் ஒரு தடை. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மூதாட்டி, கிராம சச்சிவாலயம் எனப்படும் ஊர்ச் செயலகத்தின் தெலுங்குப் படிவத்தில் யாரையோ நம்பிக் கைநாட்டு வைக்கிறார்.

4. ஸ்ரீசிட்டி

சில்லறைச் செலவையும் தாங்கும் காப்பீடு எப்படியிருக்கும் என்பதைப் பக்கத்திலேயே உள்ள ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் பார்க்கலாம். அங்கு 21,000 ரூபாய்க்குள் மாதச் சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் அதில் அடக்கம். அவர் தெருவிலேயே வசிக்கும் வேர்க்கடலை விவசாயிக்கு அந்த வசதி இல்லை.

5. செய்யக்கூடியவை

இரு மாநிலங்கள் கணக்கு வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1983இன் தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி கண்டலேற்றிலிருந்து வரும் கிருஷ்ணா நீர், ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயின்ட்டில் அளக்கப்பட்டுப் பூண்டிக்குப் போகிறது. தமிழகம் தன் பங்குச் செலவைக் கொடுக்கிறது. அதே முறையில் ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனைகளை ஆந்திரத் திட்டத்தில் சேர்க்கலாம். சிகிச்சைக்குரிய தொகையை அரசுக்கு அரசு தீர்த்துக்கொள்ளட்டும். திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து திருப்பதிக்குப் போகும் தமிழக நோயாளிக்கும் அதே உரிமை வேண்டும்.

அதைவிட அவசரமானது மருந்து. தமிழகம் 2021இல் மக்களைத் தேடி மருத்துவத்தைத் தொடங்கி மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. ஆந்திரம் 2023இல் குடும்ப மருத்துவர் திட்டத்தில் 104 வண்டியோடு மருத்துவரைக் கிராமத்துக்கு அனுப்பியது. சென்னையில் எழுதிக்கொடுத்த சீட்டை அந்த வண்டி ஏற்று மாத்திரை தர ஒரு சுற்றறிக்கை போதும். சத்தியவேடு, நாகலாபுரம் மண்டலங்களின் படிவங்களைத் தமிழிலும் அச்சிடவும் புதிய சட்டம் தேவையில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை காத்திராமல் இந்த இரண்டையும் மாவட்ட ஆட்சியர் அளவிலேயே தொடங்கிவிடலாம்.