கட்டிலைச் சுமந்தவர்கள்

மருந்து என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார்: நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர். முதல் மூன்றும் இன்றி மருத்துவமனை இல்லை. நான்காமவருக்கோ பெரும்பாலும் வாசலுக்கு வெளியேதான் இடம். அவரை மருத்துவ உலகம் விலக்கி வைத்ததும், பின்னர் அழைத்துக்கொண்டதும் நம் மண்ணிலும் நிகழ்ந்த வரலாறு.

பெருங்களத்தூரில் மின்தொடர்வண்டி ஏறிக் கடற்கரை நோக்கிச் செல்வோர், தாம்பரத்தை அடுத்துத் தாம்பரம் சானடோரியம் நிலையத்தைக் கடக்கின்றனர். அப்பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928இல் நிறுவியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அத்தகைய நிலையம் ஒன்றை நடத்திய பட்டறிவு அவருக்கு இருந்தது. 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. காசத்தை வெல்லும் மருந்து கண்டறியப்படாத காலம் அது. தூய காற்றும், ஓய்வும், சத்துணவுமே மருந்து. எனவே நோயாளி மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வாழ வேண்டியிருந்தது. தொற்றுநோய் என்பதால் அப்பிரிவு அறிவுடைமையாகவும் கருதப்பட்டது. ஆயினும் தாயைப் பிரிந்த பிள்ளைகளின் ஏக்கம் எந்த மருத்துவப் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை.

மருந்துகள் வந்தபின் ஒரு கேள்வி எழுந்தது: இந்தப் பிரிவு இன்னும் தேவைதானா? விடை காண 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் ஓர் ஆய்வைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதனை வழிநடத்தினார். மாநகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றவர் தம் இல்லத்திலும் ஓராண்டு காலம் ஒரே மருந்துகளைப் பெற்றனர். 1959இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. நெருக்கடியான வீட்டில், எளிய உணவுண்டு வாழ்ந்தவர்களும் ஏறத்தாழச் சமமாகவே நலம் பெற்றிருந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்தபோதும், நோயாளி வீட்டில் இருந்ததால் பெரிதாகக் கூடுதல் ஆபத்து விளையவில்லை எனத் தெரிந்தது. ஏழையின் குடிசை மருத்துவத்திற்குத் தகுதியற்றது என்னும் எண்ணம் தகர்ந்தது.

மனநோய் மருத்துவத்திலும் இதே பாடம் கற்கப்பட்டது. 1950களில் அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர், மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளோடு உறவினரையும் தங்கச் செய்தார். 1957இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல மையத்தில், உறவினர் உடன் தங்குவதே நடைமுறையாயிற்று. பூட்டிய கதவுகளுக்குப் பதிலாக, நோயின் இயல்பை அறிந்துகொண்ட உறவினர் காவலாயினர். இன்று நியூசிலாந்து மருத்துவமனைகளில் சமோவா, தொங்கா முதலிய பசிபிக் தீவு மக்களுக்கு அவர்தம் மொழியும் வழக்கமும் அறிந்த துணையாளர்களை அமர்த்திக் குடும்பத்தாரையும் அரவணைக்கின்றனர். நோயாளி ஒரு தனி உடல் அல்லர், ஓர் உறவுக் கூட்டம் என்பதே இவையனைத்தும் உணர்த்தும் உண்மை.

ஆனால் அக்கூட்டமே இல்லாதவர் நிலை என்ன? 1993 முதல் தாம்பரம் மருத்துவமனை எய்ட்ஸ் நோயாளிகளை ஏற்றுப் பேணியது. உற்றார் கைவிட்டதால் தனித்துக் கிடந்தோரும் அவர்களிடையே இருந்தனர். 2020இல் பரவிய கொரோனாவிலோ, உற்றார் இருந்தும் அவர் முகம் காணாமலே பலர் கண்மூடினர்.

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவனை நால்வர் சுமந்து வந்தனர். கூட்டம் வழிவிடாதபோது கூரையைப் பிரித்து உள்ளே இறக்கினர். சுமந்து வந்தோரின் நம்பிக்கையையும் கண்டே ஆண்டவர் பேசினார் என்கிறது நற்செய்தி. அவர்களுடைய பெயர்களை அது சொல்லவில்லை. பெயரற்ற அந்த இடம், நாம் நிரப்ப வேண்டிய இடம். நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும் பங்கு, கட்டிலருகே பாயில் அமர்ந்திருப்பவரிடமும் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கட்டும். பாய் விரிக்க எவருமில்லாத கட்டிலருகே நம்மில் ஒருவர் சென்று அமரட்டும்.