யார் முதல்ல கூப்பிட்டது?

இன்னைக்கு எபிசோடுல ஒரு சின்ன உயிரோட கதை. அதைப் பார்த்த மனுஷங்களோட கதைன்னும் சொல்லலாம்.

1933. அமெரிக்காவின் வட கரோலினா காட்டில், மக்கிய இலைகளிலிருந்து கென்னத் ரேப்பர் ஒரு ஸ்லைம் மோல்டைப் பிரித்தெடுக்கிறார். 1935-ல் அதற்கு டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் என்று பெயர் வைக்கிறார். பேர்ல 'மோல்டு' இருந்தாலும் இது பூஞ்சை கிடையாதுங்க, அமீபா வகை.

இரை இருக்கும்வரை ஒவ்வொன்றும் தனி ஆள். மண்ணில் பாக்டீரியாவைத் தின்று, இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். இரை தீர்ந்ததும்தான் ஆச்சரியமே. சிதறிக்கிடந்த ஆயிரக்கணக்கான அமீபாக்கள், சில நேரம் ஒரு லட்சம் வரைக்கும், ஓடை ஓடையாக ஒரே இடத்துக்கு வந்து சேரும். சேர்ந்த கூட்டம் ஓடில்லாத நத்தை மாதிரி வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து போகும். நீளம் சில மில்லிமீட்டர்தான். பிறகு நிமிர்ந்து நிற்கும். கீழே காம்பு, மேலே வித்துகள் நிறைந்த உருண்டை. சுமார் ஐந்தில் ஒரு பங்கு செல்கள் காம்பாகிச் செத்துப்போகும். மீதி வித்தாகப் பிழைக்கும். இவ்வளவும் ஏறக்குறைய ஒரே நாள்ல முடிஞ்சிடும்.

சரி, இதுங்களைக் கூப்பிட்டது யாரு?

1947-ல் ஜான் டைலர் பானர் ஒரு சோதனையை வெளியிட்டார். அமீபாக்கள் மேல் மெதுவாகத் தண்ணீரை ஓடவிட்டார். கூட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் இருந்தவை மட்டும் அதை நோக்கி வந்தன. அப்படியானால் தண்ணீரில் கரைந்து வரும் ஏதோ ஒரு பொருள்தான் அழைப்பு. அதற்கு அக்ராசின் என்று பெயர் வைத்தார். 1967-ல் அது சைக்ளிக் ஏஎம்பி என்று தெரிந்தது. நம்ம உடம்பு செல்களுக்குள்ளேயும் சேதி கொண்டுபோற அதே மூலக்கூறுதான்!

ஆனால் முதல் அழைப்பை விடுவது யார்? மத்த செல்களுக்கு உத்தரவு போடுற தனிச்சிறப்பான செல் ஒண்ணு இருக்கணும்னுதான் பலரும் நினைச்சாங்க. 1970-ல் ஈவ்லின் ஃபாக்ஸ் கெல்லரும் லீ சீகலும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: எல்லா செல்களும் ஒரே மாதிரி இருந்தாலே போதும். பசியில் செல்கள் அழைப்புப் பொருளை அதிகம் விட ஆரம்பித்து, அதை நுகரும் கூர்மையும் கூடும்போது, எங்கேயோ ஏற்படும் சின்ன ஏற்றத்தாழ்வே பெரிதாகிக் கூட்டம் திரண்டுவிடும். தலைவன் தேவையில்லை.

இதை உயிரியலாளர்கள் லேசில் ஏற்கவில்லை. ஆதாரம் இல்லாமலே 'தலைமை செல்' எண்ணம் ஏன் இவ்வளவு வலுவா இருக்குன்னு கெல்லர் 1983-ல் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்.

அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. அந்த அமீபாக்கள் திரள்ற வீடியோவை முதல் தடவை பார்த்தப்போ, இவ்வளவும் படிச்ச நானே, 'இதுல எதுப்பா லீடர்?'னுதான் திரையில தேடிட்டு இருந்தேன்.