காது குத்துக்கு முன் பூசும் மரப்பு கிரீம்: பெற்றோர் அறிய வேண்டியவை

பாச்சாங், செங் வட்டாரத்தில் காது குத்து என்றால் கோயில், தாய்மாமன் மடி, ஆசாரியின் ஊசி, குழந்தையின் அலறல் எல்லாம் சேர்ந்தே வரும். அந்த அலறலைக் குறைக்க, தோலை மரத்துப்போகச் செய்யும் கிரீமைச் சில பெற்றோர் நாடுகின்றனர். கிரீம்தானே, என்ன ஆகிவிடும் என்ற எண்ணம்தான் இங்கே ஆபத்து. தோலில் பூசினாலும் அது மருந்து; இரத்தத்தில் கலக்கக்கூடியது.

ஊசி குத்தியதும் நரம்பு மூளைக்கு அனுப்பும் செய்தி, உண்மையில் ஒரு மின் துடிப்பு. நரம்பிழையின் சுவரில் உள்ள நுண்வாயில்கள் வழியே சோடியம் உள்ளே பாய்வதால்தான் அத்துடிப்பு நகர்கிறது. லிடோகைன் அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. காயம் ஏற்படுகிறது, ஆனால் செய்தி போய்ச் சேருவதில்லை. வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளே முதலில் அடங்கும் என்பதால், தொடுவதும் அழுத்துவதும் ஓரளவு தெரியும். அதனால் கிரீம் பூசிய குழந்தையும் பயத்தில் அழலாம்.

லிடோகைனை 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கினார். ஆனால் காயமில்லாத தோலின் மேலடுக்கைத் தாண்டி அதை உள்ளே செலுத்துவது எளிதாக இல்லை. லிடோகைனும் பிரிலோகைனும் தனித்தனியே திடப்பொருள்கள். சம அளவில் கலந்தால் அறை வெப்பத்திலேயே எண்ணெய்போல் உருகிவிடும். எம்லா கிரீம் இந்த அடிப்படையில் வந்ததுதான். இரண்டும் 2.5 விழுக்காடு. பூசி, ஒட்டுப் படலத்தால் மூடி, ஒரு மணி நேரம் காத்திருந்தால் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் வரை மரத்துப்போகும். இரண்டு மணி நேரத்தில் 5 மில்லிமீட்டர். காது மடலுக்கு அது போதும். (செங் சன்னாசிமலை மாசி மகத்தில் அலகு குத்துவோருக்கு இந்தக் கணக்கெல்லாம் உதவாது, அவர்கள் கேட்கப்போவதும் இல்லை.) கோயில் வாசலில் பூசி ஐந்து நிமிடத்தில் குத்தினால் பயனில்லை.

குழந்தைகளுக்கு அளவு மிகக் கண்டிப்பானது. மூன்று மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு மொத்தமாக 1 கிராம், அதாவது 5 கிராம் டியூப்பில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. மூன்று மாதம் முதல் ஒரு வயது வரை 2 கிராம். குறைமாதக் குழந்தைக்குப் பூசவே கூடாது. காரணம், பிரிலோகைன் உடலில் சிதையும்போது உண்டாகும் பொருள், இரத்தச் சிவப்பணுக்களை உயிர்வாயு சுமக்க முடியாதவையாக மாற்றக்கூடும். அதைச் சரிசெய்யும் நொதி பச்சிளங்குழந்தைகளிடம் குறைவு. உதடும் நகமும் நீலம் அல்லது சாம்பல் நிறமானால், குழந்தை சோர்ந்தால், மூச்சு வாங்கினால், கிரீமைத் துடைத்துவிட்டு உடனே 999-ஐ அழையுங்கள்.

நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு சோதிக்கப்படுகிறது. அக்குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். வழக்கமான மாற்று மருந்தான மெத்திலீன் நீலமும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தை மருந்தாளரிடம் காட்டுங்கள். சல்ஃபா வகை மருந்து உட்கொண்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காதுத் துளைக்குள் கிரீம் இறங்கக்கூடாது. குழந்தை கையால் தேய்த்துக் கண்ணில் பட்டால், கண்ணும் மரத்து, உறுத்தல் தெரியாமல் காயப்படும். சொறி, புண் உள்ள தோலில் பூசினால் மருந்து வேகமாக உள்ளே போய்விடும்.

பெரியவர்களுக்கும் இது விளையாட்டல்ல. லேசர் மூலம் முடி நீக்குவதற்கு முன் கால்கள் முழுவதும் வீரியமான கிரீமைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிய இரு இளம்பெண்கள் வலிப்பு வந்து, கோமாவில் விழுந்து இறந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007-இல் எச்சரித்தது. பச்சை குத்துவதற்கென்று இணையத்தில் விற்கப்படும் கிரீம்கள் சிலவற்றில் லிடோகைன் அளவுக்கு மீறி இருப்பதாக 2024 மார்ச்சில் அதே நிர்வாகம் மீண்டும் எச்சரித்தது.

வாங்கும்போது பெட்டியில் மால் என்ற எழுத்துகளுடன் தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். சுகாதார அமைச்சின்கீழ் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.