கீதமாலை தொடுத்த அமீன் சயானி

வானொலியில் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே உரையாடுவோரின் தொழிலை அற்பமெனக் கருதுவார் நம்முள் உளர். அன்னார் பம்பாய் அமீன் சயானியாரின் வரலாற்றை அறிதல் நன்று.

1932-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் பிறந்த அவரை வானொலிக்கு அழைத்துச் சென்றவர் தமையனார் ஹமீது. ஆயினும் அவருக்கு மொழியைத் தந்தவர் அன்னையார் குல்சும் என்றே நாம் கொள்வோம். காந்தியடிகளின் விருப்பப்படி, புதிதாய் எழுத்தறிந்தோர்க்கென அவ்வம்மையார் 'ரஹ்பர்' என்னும் இதழை நடத்தினார். மொழி ஒன்றே, எளிய இந்துஸ்தானி. எழுத்தோ நாகரி, உருது, குஜராத்தி என மூன்று. அவ்விதழ்ப் பணியில் இளமையிலேயே துணைநின்ற அமீன், வடசொல்லாலும் பாரசீகச் சொல்லாலும் கனக்காத நடையை வீட்டிலேயே கற்றார். பள்ளியில் இஃது எளிதிற் கைவராது என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் நன்கு அறிவோம்.

1952-இல் மத்திய அமைச்சரான கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்கள் சுவையைக் கெடுப்பன எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவை அருகின. கேட்போர் இலங்கை வானொலியை நாடினர். பற்பசைக் கம்பெனியார் ஒருவரின் பொருளுதவியால் 'பினாகா கீதமாலா' அங்குத் தோன்றிற்று. வாரம் 25 ரூபாய் ஊதியம், வேலையோ மிகுதி. தேர்ந்தோர் எவரும் முன்வராமையின் அமீன் ஏற்றார். பம்பாயிற் பதிவு செய்து கொழும்புக்கு அனுப்புவர். முதல் ஒலிபரப்பு அவ்வாண்டு டிசம்பர் 3, புதன்கிழமை. அவருக்கு இருபது வயது நிரம்ப இன்னும் 18 நாட்கள் இருந்தன.

ஏழு பாடல்கள், அவற்றைச் சரியாக வரிசைப்படுத்துவோர்க்கு 100 ரூபாய் பரிசு. நாற்பது, ஐம்பது கடிதங்கள் வருமென எண்ணினர். வந்தவை 9,000! ஓராண்டிற்குள் வாரந்தோறும் 65,000 ஆயின.

பரிசே இதற்குக் காரணம் என்பார் சிலர். நாம் அங்ஙனம் எண்ணுகிலோம். அரசினர் வானொலியின் இந்தியில் வடசொல் மிகுந்து வந்த அந்நாளில், அடுத்த வீட்டார் திண்ணையிலிருந்து பேசுவது போல ஒரு குரல் கேட்டது. "சகோதரிகளே, சகோதரர்களே" என மகளிரை முன்வைத்து விளித்தது. புலமை காட்டாத அப்பேச்சிலே, கடிதம் எழுதலாம் என்னும் துணிவு எளியோர்க்கும் பிறந்தது.

1957-இல் அரசினரே விவித பாரதியைத் தொடங்கித் திரைப்பாடல்களுக்கு இடமளித்தனர். எனினும் புதன்கிழமை இரவுகளில் மக்கள் கொழும்பையே திருப்பினர். 1989-இல் கீதமாலை விவித பாரதிக்கே வந்து சேர்ந்தது. சயானியார் 2024 பிப்ரவரி 20-ஆம் நாள், 91 வயது நிரம்பியவராய், மும்பையிற் காலமானார்.