மண்டபத்தில் கேட்கப்படாத கேள்வி



எரிகோ சாலையோரம் அமர்ந்திருந்த பர்த்திமேயுவுக்குப் பார்வை இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆண்டவருக்குத் தெரியாதா? ஆனாலும் தாம் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்டார்.

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, பாம்பன் பாலத்துக்கு இப்புறம் உள்ள மண்டபம் முகாமின் வரலாற்றைப் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை அங்கே சில நாள் தடுத்து வைத்தார்கள். அம்மை குத்தினார்கள். காலரா, பிளேக் இருக்கிறதா என்று சோதித்தார்கள். முகாமை நடத்தியது இலங்கை அரசு. மருத்துவம் நடந்தது உண்மைதான். ஆனால் அது தோட்டத்தைக் காக்க நடந்த மருத்துவம். இவன் என்ன நோயைக் கொண்டுவருகிறான் என்றுதான் பார்த்தார்களே தவிர, இவனுக்கு என்ன தேவை என்று கேட்கவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அந்த மக்களை யாரும் கலந்து பேசவில்லை. கப்பலேறி வந்தவர்கள் மண்டபம் வழியாகப் பல ஊர்களுக்குப் போனார்கள். மலைவேலை பழகியவர்கள் பலர் நீலகிரிக்கும் நம் கொடைக்கானல் மலைக்கும் பிழைப்புத் தேடி வந்தார்கள்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்த அகதிகளுக்கும் மண்டபமே வாசல் ஆயிற்று. வீடு எரிந்ததையும் உறவுகள் கொல்லப்பட்டதையும் கண்டவர்களின் உறக்கமின்மை எந்தப் பரிசோதனைச் சீட்டிலும் ஏறாது. பொதுக் கழிப்பறைக்குப் போக இருட்டும்வரை காத்திருக்கும் பெண்ணின் வேதனையும் அப்படித்தான். கூட இருப்பவருக்கே அது தெரியும். தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளையே தொண்டர்களாக்கியது. முகாம் பெண்களே பயிற்சி பெற்றுச் சுகாதாரப் பணியில் இறங்கினார்கள். ஒரே வரிசை வீட்டில் வாழ்பவரிடம் எதையும் சொல்லலாம் அல்லவா!

அதற்குச் சற்று முன்பு, 1980 நவம்பர் 14 அன்று, இயேசு சபையின் தலைவர் அருட்தந்தை பேத்ரோ அருப்பே அகதிகள் பணியைத் தொடங்கினார். படகுகளில் தப்பிய வியட்நாம் மக்களின் துயரே அவரைத் தூண்டியது. அவர் மருத்துவம் படித்தவர். 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது தம் துறவு இல்லத்தையே மருத்துவமனையாக்கியவர். ஆனாலும், அவர் தொடங்கிய அப்பணி முதலிடம் தருவது மருந்துக்கு அல்ல, உடன்நடத்தலுக்கு. அப்பணி தமிழக முகாம்களுக்கும் வந்தது.

2021இல் நம் அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. அடுத்த ஆண்டு மார்ச்சில், இலங்கையின் விலைவாசிக்குத் தப்பிக் கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடிப் பக்கம் கரையிறங்கியவர்களை அழைத்துப் போனதும் அதே மண்டபத்துக்குத்தான்.